சேர்த்துப் புரட்டிய பக்கம்

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் நியெலே கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயும்வரை காற்றில் ஆட்டுவாள். பிறகுதான் புத்தகத்தைத் தொடுவாள். கைக்குழந்தையின் கனம் இருக்கும் அதற்கு. அவள் வேலை பார்த்த வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போனது. மாலி நாட்டில் அவர்கள் ஊரான பமாகோவின் பழைய ஸ்டூடியோப் படங்கள், கறுப்பு வெள்ளையில், பக்கத்துக்கு ஒன்று. விரித்து வைத்தால் பாதிப் பாயை அடைத்துக்கொள்ளும்.

அம்மா சிரா அருகில் வந்து உட்காருவாள். வாரம் முழுக்க அதட்டலைத் தவிர வேறு பேச்சில்லாதவள், பக்கம் புரண்டதும் வேறு ஆளாகிவிடுவாள்.

"இந்த ரேடியோ ஸ்டூடியோக்காரனோடதுடி. ஊரே இதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுப் படம் எடுத்துச்சு."

"இவ யாரும்மா?"

"மீன்காரி மவ. செருப்பு எரவல். பாரு, குதிகால் வெளிய நிக்குது."

இருவரும் சிரிப்பார்கள். வழவழத் தாளின் வாசனை, தன் தோளில் உரசும் அம்மாவின் தோள். நியெலே வாரமெல்லாம் காத்திருப்பது இதற்குத்தான். தனியாக அவள் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. நடுவில் ஓரிடத்தில் அம்மா இரண்டு தாள்களைச் சேர்த்தே புரட்டுவாள். வயதான விரல்கள் என்று நியெலே விட்டுவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு புராமா ஜாரா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"காராமணித் தின்னிங்களா! தெருவே நாறுது!"

"வாடா ஜாரா, எங்க வீட்டு அடிமையே. பானை கழுவாமக் கெடக்கு" என்றாள் நியெலே.

நியெலேயின் அப்பா குலம் குலிபாலி, புராமாவின் குலம் ஜாரா. குலிபாலிகளுக்கும் ஜாராக்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கிண்டல் முறை. எதைச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது. திருப்பி ஏசாமல் இருப்பதுதான் தப்பு.

புராமா தேநீரை உறிஞ்சிக்கொண்டே புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, நடுவில் ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்களைப் பிரித்தான். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஒரு பெண். அவள் தோளில் கைபோட்டு ஓர் ஆண். 'பெயர் தெரியாத ஜோடி' என்று கீழே அச்சிட்டிருந்தது.

"அட, நம்ம சிராம்மா! பக்கத்துல எங்க சோரி பெரியப்பா! இந்த மோவாய்க் குழி எங்க குடும்பச் சொத்தாச்சே." நியெலேயின் முகத்தைப் பார்த்துத் தொடையில் தட்டினான். "உனக்கும் இருக்கே! போச்சு போ, நீ ஜாராடி! இனிமே காராமணிய யாரு தின்பா?"

தேநீர் புரையேறும்வரை சிரித்தான். நியெலேயும் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

அம்மா சிரிக்கவில்லை. திருப்பி ஏசவும் இல்லை. அவள் கையிலிருந்த தேநீர் சரிந்து பக்கத்தின் ஓரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

புராமா போனபிறகு நியெலே கேட்டாள். "அம்மா?"

"எனக்கு இனிமே கண்ணு தெரியாதுடி. மூடி வை."

செத்துப்போன அப்பா நியெலேயின் தம்பிகளை மடியில் வைத்துக் கொஞ்சுவார். அவளை மட்டும் ஒருநாளும் தூக்கியதில்லை. மூத்தவள் என்பதால் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நியெலே பழக்கத்தில் கைகளைக் கழுவிவிட்டு, எதைத் தொடுவதென்று தெரியாமல் நின்றாள்.

"காராமணித் தின்னி! உயிரோட இருக்கியா?" வாசலில் புராமா.

திருப்பி ஏச வேண்டிய நேரம் நழுவிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ நடையை நிறுத்துவது கேட்டது. அம்மா புரண்டு அவளைப் பார்த்தாள். வாரமெல்லாம் அதட்டும் கண்கள் கெஞ்சின.

"யாரு, ஜாராவா?" நியெலே உரக்கச் சிரித்தாள். "உங்க வம்சமே எங்க வீட்டு அடிமைதானடா. வந்து பானையக் கழுவு!"

புராமா நிம்மதியாகச் சிரித்தான். தெருவும் நகர்ந்தது. ஈரக் கையால் மோவாயை மூடியிருப்பது அதன் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.