பாப்பிப் பூவின் பின்புறம்

புருஷன் கிறிஸ்டி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை டீலியா வாய் திறக்கவில்லை. அவன் மார்பிலிருந்த சிவப்புக் காகிதப் பாப்பிக்குப் பின்னால் பாதி பிளேடு ஒன்றைத் தைத்து வைத்திருந்தாள். சாக்குத் தைத்துப் பிழைக்கிற கை, தையல் வெளியே தெரியாது.

போன வருஷம், போர் நின்ற நாளின் நினைவுக் கூட்டத்தில் பூவைப் பிடுங்கிய கும்பல், கூடவே அவன் பல் இரண்டையும் கொண்டுபோயிற்று. பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தவன் என்றாலே, பிரிட்டிஷ்காரனோடு சண்டைபோட்டு விடுபட்ட டப்ளினில் பலருக்கு எட்டிக்காய். கிறிஸ்டிக்கு ராஜாவும் ஒன்றுதான், ராஜா வீட்டு நாயும் ஒன்றுதான்.

"குண்டு உழுது போட்ட மண்ணுல மொதல்ல மொளச்சது இந்தப் பூதான். என் கூட்டாளிங்க மூணு பேரு மேலயும் மொளச்சுது. வேற எதக் குத்திக்கச் சொல்ற?" என்பான்.

இந்த வருஷம் கை வைக்கிறவன் விரல் கிழியட்டும் என்று டீலியா முடிவு செய்திருந்தாள்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அவள் தம்பி லார் படியேறி வந்தான். துறைமுகத்தில் கரி அள்ளுகிறவன்.

"மச்சான் பூங்காவுக்குப் போயாச்சா?"

"போயாச்சு. நீ வேலைக்குப் போகல?"

"இன்னிக்குப் பூப்பறிக்கிற வேலை" என்று இளித்தான்.

"தூ! ஈஸ்டருக்கு நீ குத்திக்கிற வெள்ளை லில்லி மட்டும் தோட்டத்துல பூத்ததா? அதுவும் காகிதம்தானே?"

"அது நம்ம மண்ணுக்காகச் செத்தவங்களுக்கு. இது அவனுங்க ராஜாவுக்கு." பிறகு குரலைத் தணித்தான். "பயப்படாதக்கா. மச்சான் பூவு என் பங்குன்னு பசங்ககிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷ மௌன அஞ்சலி முடிஞ்சதும் நானே பிடுங்கிட்டு ஓடிடுவேன். ஒருத்தன் அவர அடிக்க மாட்டான்."

பிளேடு இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லலாமா? பிளேடு வைத்தவன் என்று கும்பலுக்குத் தெரிந்தால் கிறிஸ்டியை உயிரோடு விடமாட்டார்கள். அவள் திணறிக்கொண்டிருக்கையிலேயே லார் இறங்கிப் போய்விட்டான்.

கரித்தூசி புகுந்த வெட்டு ஆறாது. போன குளிர்காலத்தில் லார் கூட வேலை செய்தவனுக்கு ஒரு விரலில் ஆரம்பித்து மணிக்கட்டுவரை வெட்டி எடுத்தார்கள். டீலியா சால்வையை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஃபீனிக்ஸ் பூங்காவை அடைந்தபோது அஞ்சலிப் பீரங்கி வெடித்தது. ஆயிரம் தொப்பிகள் ஒரே நேரத்தில் இறங்கின. மௌனம். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கிற அந்த மௌனத்துக்குள் அவள் பூட்ஸ் சரளைக்கல்லை நொறுக்கியது.

"நில்லுடி, மூதேவி" என்று ஒருத்தி பல்லைக் கடித்தாள்.

அவள் நிற்கவில்லை. அதோ கிறிஸ்டி, கண்ணை மூடி, உதட்டசைவில் மூன்று பெயர்களைச் சொல்லிக்கொண்டு. அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் லார், பூனைபோல நகர்ந்துகொண்டு.

மௌனம் முடிந்ததென்று கொம்பு ஒலித்தது. லாரின் கை நீண்டது. டீலியா பாய்ந்து பூவைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். துணி கிழிந்தது.

கிறிஸ்டி கண் திறந்தான்.

"நீயாடி?"

அவள் முஷ்டியைத் திறக்கவில்லை. விரலிடுக்கில் ரத்தம் கசிந்து சரளையில் சொட்டியது. முதலில் பார்த்தவன் லார்தான். தன் கையைப் பார்த்துக்கொண்டான், முகம் வெளுத்தது.

"என்னடா லார், சிக்குச்சா?" பின்னாலிருந்து கும்பல் நெருங்கியது.

லார் அவள் கையை மறைத்து நின்று சிரித்தான். "சிக்குச்சு! எங்கக்காவே பிடுங்கிட்டா! போங்கடா, அடுத்த ஆளப் பாருங்க."

சீழ்க்கை அடித்துக்கொண்டு போனார்கள். கிறிஸ்டி தொப்பியை வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

"கிறிஸ்டி."

அவன் திரும்பியபோது கையை விரித்தாள். நைந்த பூவின் நடுவே பிளேடு சதையில் குத்தி நின்றது. கிறிஸ்டி பிளேடை உருவிப் புல்லுக்குள் எறிந்தான். கழுத்துத் துணியை அவிழ்த்து அவள் உள்ளங்கையை இறுக்கிக் கட்டினான்.

"இந்தக் கையோட எப்படிச் சாக்குத் தைப்ப, கழுத?"

ஈரமான பூவை எடுத்துக் கிழிந்த கோட்டில் செருகினான்.

"மச்சான், வேணாம். வாசல்ல இன்னொரு கூட்டம் நிக்குது" என்றான் லார்.

"நிக்கட்டும்."

டீலியா பூ இருந்த பக்கமாக வந்து அவன் தோளோடு ஒட்டி நடந்தாள். லார் வரவில்லை.