அமோஸ் ஜீட்டரின் கோட்டு

அமோஸ் ஜீட்டரின் வேட்டைக் கோட்டு, டாலி குடும்பத்தாரின் பழைய புகையிலைக் காட்டோரத்தில் ஒன்பது குளிர்காலம் தரையில் கிடந்தது. எந்தக் காலையில் போய்த் தொட்டாலும், ஒரு நாய் இப்போதுதான் எழுந்துபோன மாதிரி நடுவில் குழிந்து, சூடாக இருந்தது. பனி கொட்டிய நாட்களில் காடு முழுக்க வெள்ளையாகிவிடும். கோட்டின் மேல் மட்டும் ஒரு பொட்டு நிற்காது. வர்ஜீனியாவின் தெற்கு ஓரத்தில் எங்கள் பைன் ஃபோர்க்கில் இதை ஒரு அதிசயமாக யாரும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை. தபால்காரர் வண்டியை நிறுத்தி அதில் கையைச் சூடாக்கிக்கொண்டு போவார். விவசாய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, மாட்டுக்கு வைக்கும் வெப்பமானியை மடிப்புக்குள் செருகிப் பார்த்து, ஆரோக்கியமான பீகிள் நாயின் உடம்புச் சூடுதான் என்று சொல்லிவிட்டு, அந்த வருஷம் புகையிலை என்ன விலை போகும் என்ற பேச்சுக்குத் திரும்பிவிட்டார். பாஸ்டர் வந்து பார்த்து, கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். ஒரே ஒரு ஆள் மட்டும் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் ஓடைப் பாதையில் சுற்றிக்கொண்டு போனார். அவர் ஓடெல் பெட்டஸ்: அமோஸின் தங்கை வெர்னாவின் கணவர், சபையில் பாஸ்டருக்கு உதவும் டீக்கன், சனிக்கிழமை முயல் வேட்டைக்குத் தலைவர்.

வேட்டையில் நாய் தொலைந்தால் எங்கள் பக்கத்தில் செய்வது இதுதான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதும், நாயை விட்ட இடத்தில் போட்டிருக்கும் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். நாய் எத்தனை தூரம் போயிருந்தாலும் சொந்தக்காரனின் வியர்வை வாசத்தைத் தேடி வந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும். விடிந்து போனால் வாலை ஆட்டும். வண்டிக் கதவைத் திறந்தால் ஏறிக்கொள்ளும். திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. திரும்பி வந்ததைப் பற்றிப் பேசவும் கூடாது.

சனிக்கிழமை காலைகளில் ஊர்க் கடை முன்னால் பிக்கப் வண்டிகள் கூடும். பின்னால் நாய்ப்பெட்டிகளில் பீகிள்கள் முனகிக்கொண்டிருக்கும். ஓடெல் நடுவில் நின்று எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்வார். "காது தெரிஞ்சா சுடாதே. வால் தெரிஞ்சா சுடாதே. முழு முயலும் கண்ணுக்குத் தெரியணும். தெரியலையா, போகட்டும் விடு." ஆட்கள் தொப்பியைத் தூக்கி, "ஆமென், டீக்கன், காணிக்கைத் தட்டு எங்கே?" என்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அந்த விஷயத்தில் அவரிடம் இரக்கம் கிடையாது. ஹோசியா டன்ஸ்டல் ஒருதரம் புதருக்குள் இன்னொருவரின் நாயைச் சுட்டுவிட்டான். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அழுதபடி, தானே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான். வழக்கப்படி அவன் அந்தப் பருவம் முழுக்கத் துப்பாக்கியைத் தொடாமல் இருந்தால் போதும். ஓடெல் அதோடு விடவில்லை. "ஹோசியா, உன் கண்ணுக்கு முயலும் நாயும் ஒண்ணாத் தெரியுதுன்னா, நீ பேசாம கோழி வளர்த்துக்கோ. அதுதான் கூண்டைவிட்டு எங்கயும் ஓடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹோசியா அதன் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

அடுத்த குளிர்காலம், கிறிஸ்துமஸ் கழிந்த சனிக்கிழமை, அமோஸின் பெண் பீகிள் டைனா முன்னால் ஓடி ஒரு முயலைக் கிளப்பினாள். முயல் நேராக ஓடிப்போவதில்லை. பெரிய வட்டமாக ஓடி, கிளம்பிய இடத்துக்கே திரும்பும். நாய்களுக்குத் துரத்தும் வேலை, மனிதனுக்கு நிற்கும் வேலை. அமோஸ் ஓடைப் பக்கம் நின்றார், ஓடெல் டாலி குடும்பத்தாரின் காட்டோரத்தில், இடிந்த புகையிலைக் கொட்டகையின் மேட்டில் நின்றார். டைனாவின் குரல் வட்டத்தோடு சுற்றி வந்தது. எங்கள் ஊரில் ஒருவன் தன் பிள்ளையின் அழுகையை மறந்தாலும் ஒவ்வொரு நாயின் குரலையும் மறக்கமாட்டான். டைனாவின் குரல் நீளமானது, முடியும் இடத்தில் உடைந்து மேலே ஏறும். அது மேட்டை நெருங்கியபோது, இடுப்பளவு மஞ்சள் புல்லுக்குள் ஓடெல் ஒரு வெள்ளைத் துணுக்கைப் பார்த்தார். முயலின் வால் வெள்ளை. பீகிளின் வால் நுனியும் வெள்ளை. மனிதர்கள் பார்த்துச் சுடாமல் இருப்பதற்காகவே அப்படி வளர்த்த ஜாதி. அவர் சுட்டார். குரல் மேலே ஏறவேண்டிய இடத்தில் நின்றுபோனது. முயல் அவர் பூட்சை உரசிக்கொண்டு ஓடி மறைந்தது.

அமோஸ் ஓடையிலிருந்து ஏறி வந்ததும் ஓடெல் சொல்லியிருக்கலாம். ஹோசியா சொன்ன மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் அமோஸ் வருவதற்குள் ஓடெல் டைனாவைத் தூக்கி, தன் கோட்டின் முதுகுப் பக்கத்தில் முயல் போடும் பைக்குள், ஏற்கெனவே இருந்த இரண்டு முயல்களின் மேல் வைத்தார். மற்ற நாய்கள் ஓடி வந்து அவர் காலடியை முகர்ந்து, ஒன்றுகூடக் குரைக்காமல் உட்கார்ந்துகொண்டன.

"டைனா எங்க, மாப்ள?" என்றார் அமோஸ்.

"மான் ஒண்ணு குறுக்க ஓடுச்சு, மச்சான். அது பின்னாடி போயிட்டா."

முயல் நாய் மானைத் துரத்துவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் பக்கத்தில் நாய்க்கு இல்லை. அதைச் சொன்ன பிறகு அந்த நாயின் குட்டிகளைக்கூட யாரும் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். அமோஸ் புல்லைப் பார்த்தார்.

"டைனாவா?"

"என் கண்ணால பார்த்தேன்."

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஒருவன் ஓடெலின் முதுகுப் பையைத் தட்டிப் பார்த்து, "டீக்கன், எத்தனை?" என்றான். இரண்டு என்றார் ஓடெல். "வாய் ரெண்டுங்குது, பை நாலுங்குது! ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணுற வாயாச்சே, எதை நம்புறது?" என்று அவன் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். அமோஸ் சிரிக்கவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை உதறி, டைனாவின் குரல் நின்ற இடத்தில் தரையில் விரித்தார். சட்டையோடு வண்டிக்கு நடந்தார். ஓடெல் பின்னால் நடந்தார். வண்டிக்குப் போய்ச் சேரும்வரை டைனாவின் சூடு அவர் முதுகெலும்பில் படிந்தபடியே வந்தது.

அவர் அவளைத் தன் வீட்டுப் பீச் பழ மரத்தின் கீழே புதைத்தார். தன் கோட்டை இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்தார். முள் கிழித்துவிட்டது என்று வெர்னாவிடம் சொன்னார். அவள் பீப்பாயையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், வேறு கோட்டு வாங்கித் தந்தாள். தேடுவதற்கு ஊரே வந்தது. ஹோசியாவும் வந்து மற்ற எல்லோரையும்விட அதிகம் கூப்பிட்டான். ஓடெலும் கையைக் குவித்து, "டைனா! டைனா!" என்று கூப்பிட்டார். மறுநாள் காலை அமோஸ் போய்ப் பார்த்தபோது கோட்டு குழிந்து, சூடாக இருந்தது, நாய் இல்லை. அதற்கு மறுநாளும் அப்படியே.

பிறகு வருஷங்கள் போயின. டைனா கடைசியாகப் போட்ட குட்டிகள் தங்களுக்கு வேண்டும் என்று ஆட்கள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். வாங்க ஒருவரும் வரவில்லை. மான் பின்னால ஓடுற ரத்தம் என்றார்கள். அமோஸ் அவற்றைத் தானே வளர்த்தார். அவை வாழ்நாளில் ஒரு மானை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் அவரோடு வேட்டைக்குப் போக யாரும் முன்வராததால், தனியாக அவற்றை ஓடவிட்டு, துப்பாக்கி இல்லாமல் வேலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வேறு கோட்டுப் போட மறுத்துவிட்டார். வெர்னா ஒன்று வாங்கித் தந்தாள்; சபைக்கு வந்த ஒரு ஏழைக்குக் கொடுத்துவிட்டார். ஓடெல் நகரத்துக்குப் போய், பாஸ்டரிடம்கூட இல்லாத கனமான கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி வந்தார். "என் கோட்டு வேலையில இருக்கு, மாப்ள. முடிஞ்சதும் போட்டுக்கறேன்" என்று அமோஸ் அதை ஹோசியாவுக்குக் கொடுத்துவிட்டார். ஜனவரியில் சட்டையோடு போகும் அவரைப் பார்த்து ஊர்ப் பெண்கள் வெர்னாவைக் குறை சொன்னார்கள். அவர் இருமல் டிசம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை நீண்டது, பிறகு ஜூன் வரை நீண்டது.

ஒரு குளிர்காலத்தில் ஓடெல் மனசைத் திடப்படுத்திக்கொண்டு காட்டோரத்துக்குப் போய்க் கோட்டின்மேல் கை வைத்தார். ஊர் சொன்ன சூடு அவருக்குப் புதிதாக இல்லை. முதுகில் சுமந்து வந்த அதே சூடு. அங்கிருந்து நேராக அமோஸின் வீட்டுக்குப் போனார். அமோஸ் அடுப்படியில் முயல்கறியை வறுத்துக் குழம்புக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஓடெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லு, மாப்ள" என்றார் அமோஸ். அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, காத்திருந்தார். சட்டியில் சத்தம் அடங்கியது.

"நாய்த் தீவனம் ரொம்ப விலை ஏறிப்போச்சு, மச்சான்" என்றார் ஓடெல்.

அமோஸ் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். "ஆமா, ஏறிப்போச்சு" என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

ஒன்பதாவது குளிர்காலத்தில் அமோஸ் நுரையீரலில் சளி நிறைந்து இறந்தார். வேட்டைக்காரர்கள் வந்து, அந்தக் கோட்டோடேயே அவரை அடக்கம் செய்வதுதான் முறை என்றார்கள். ஒருவன் எடுத்துவரக் கிளம்பியும்விட்டான். வெர்னா வாசலில் மறித்தாள். "அதைத் தொடாதீங்க. அது இன்னும் வேலையில இருக்கு" என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கொண்டுவந்த கேக்குகளும் கீரைச்சட்டிகளும் மேசையை நிறைத்துக்கிடந்த மத்தியானத்தில், ஓடெலும் அவளும் மட்டும் அடுப்படியில் இருந்தார்கள். வெர்னா கறுப்புத் தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

"அண்ணன் அந்தக் கோட்டை அங்க டைனாவுக்காக விரிக்கலை, ஓடெல். அவ செத்துப்போனது அன்னிக்கே அண்ணனுக்குத் தெரியும். ஒரு குரல் எதனால நிக்கும்னு தெரியாதா? உன் பையை ஒருத்தன் தட்டினப்ப வந்த சத்தம் தெரியாதா? 'டைனா தொலையலை, வெர்னா, தொலைஞ்சது உன் புருஷன், கோட்டு கிடக்கட்டும், வருவான்'னு சொல்லுச்சு. என்னைப் பேசவிடலை. கூப்பிட்டு வந்தா அது வந்ததாகாதுன்னுச்சு."

ஓடெல் தலையைத் திருப்பினார். பீச் மரம் சன்னல் வழியாகத் தெரிந்தது. ஒன்பது வருஷமாக அந்த மரத்துப் பழத்தை வெர்னா பறித்ததில்லை, ஜாம் போட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் எழுந்து, கோட்டு இல்லாமல் வெளியே போனார்.

காட்டோரத்தில் கோட்டு கிடந்தது. ஓடெல் அகன்ற உடம்புக்காரர், அமோஸ் ஒல்லி. பக்கத்தில் நின்றபோது அது அவருடைய ஒரு தோளுக்கும் காணாது. படுத்தபோது காணும்படி இருந்தது. முழங்காலை மடக்கி, முகத்தைக் காலரில் வைத்துப் படுத்தார். அதில் அமோஸின் வியர்வை, துப்பாக்கி எண்ணெய், நாய் வாசம் எல்லாம் புதிதாக இருந்தன. விடிந்ததும் வெர்னா அமோஸின் பிக்கப்பை ஓட்டிவந்து காட்டோரத்தில் நிறுத்தினாள். கூப்பிடவில்லை. கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் உடம்பெல்லாம் புல்லோடு எழுந்து வந்து ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "நான்தான் சுட்டேன்" என்றார். "என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள் வெர்னா. "யார்கிட்ட டைனா பேரைக் கெடுத்தியோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

சனிக்கிழமை கடை முன்னால் அவர் வழக்கமான இடத்தில் நின்றார். பாடம் சொல்லப்போகிறார் என்று நினைத்து ஆட்கள் தொப்பியில் கை வைத்தார்கள். "டைனா மான் பின்னாடி போகலை" என்றார் ஓடெல். "சாகிற வரைக்கும் முயல் பின்னாடிதான் இருந்தா. வால் தெரிஞ்சுது, நான் சுட்டேன். என் பையில அன்னிக்கு அவதான் இருந்தா." யாரும் ஆமென் சொல்லவில்லை. அன்று பையைத் தட்டியவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். ஓடெல் துப்பாக்கியைக் கடைப்படியில் வைத்துவிட்டு நடந்தார். வீட்டுக்கு நல்ல தூரம். ஹோசியாவின் வீட்டு வழியாகத்தான் போகவேண்டும். ஹோசியா கம்பளிக் கோட்டோடு கோழிகளுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஓடெல் அவனிடமும் சொன்னார், முன்பு சொன்ன கோழிப் பேச்சுக்கும் சேர்த்து.

ஹோசியா இரை தீரும்வரை போட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "அன்னிக்கு நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன், டீக்கன். நீங்க எனக்குப் பக்கத்துல நின்னு கூப்பிட்டீங்க" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

டைனாவின் பேரன் பேத்திகளை இப்போது மூன்று ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஹோசியா இரண்டு வைத்திருக்கிறான். கோட்டு அங்கேயேதான் கிடக்கிறது. புல் வெட்டுகிறவர்கள் அதைச் சுற்றி வெட்டுகிறார்கள். நாய் தொலைந்தால் ஊரில் யாரும் இப்போது தன் கோட்டைக் கழற்றுவதில்லை. காலையில் அங்கே போய்ப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. ஒருதரம் யாரோ வீட்டைவிட்டுப் போன மகன் கிடைத்தான். அவனையும் திட்டாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். துப்பாக்கி இல்லாத ஓடெல் தினமும் காலையில் நேர்ப்பாதையில் நடந்து வருகிறார். குனிந்து கை வைத்துப் பார்க்கிறார். சூடாக இருக்கிறது. கோட்டின் காலரில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, நிமிர்ந்து, வேலைக்குப் போகிறார்.