அலோய்ஸின் மூக்கு

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிய கைக்குட்டைக்கு இரண்டாவது முடிச்சுப் போட்டுவிட்டு ரேனாட்டா நிமிர்ந்தாள். மூச்சு நின்று அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அம்மா ஹில்டா ஊர் வழக்கப்படி சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி, நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடியிருந்தாள்.

ரேனாட்டாவின் மனம் ஒரு கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

போலந்தில் ரிப்னிக் நகரத்துக்குப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. நிலக்கரித் தூளை எடைபோட்டு உலைக்குள் தள்ளுவாள். வரும் புகையினூடே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, கந்தகம் நூற்றுக்கு எவ்வளவு என்று கருவி சொல்லும். மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா அலோய்ஸ் அவளுடைய கழுத்துத் துணியை முகர்ந்து பார்த்து, "இன்னைக்கு ஒண்ணரை" என்பார். அன்றைய கடைசி மாதிரி அநேகமாக அதையொட்டித்தான் இருக்கும். ஆறு வருஷமாக இதே கதை. முப்பது வருஷம் சுரங்கத்தில் இருந்த மூக்கு என்று பீற்றிக்கொள்வார். கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னை அங்கே உட்காரவைக்கச் சொல்வார்.

இன்று காலைகூட அவள் கேட்டாள்: "மூக்குதானா, இல்ல எங்க லேப்லேருந்து யாராச்சும் போன் பண்றாங்களாப்பா?"

மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

இன்று வியாழன்.

"அம்மா, அப்பாவுக்கு நெஜமாவே வாசனை தெரிஞ்சுதா?"

ஹில்டா மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷனுக்கா? கரித்தூசு மூக்க எப்பவோ தின்னுடுச்சு. பக்கத்துல பால் தீஞ்சு கருகினாலும் பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருப்பாரு." தீக்குச்சியை ஊதி அணைத்தாள். "ஜன்னலத் தொறடி. உசுரு போக வழி வேணுமில்ல."

ஜன்னலோரம் அவருடைய நாற்காலி கிடந்தது. அதை நகர்த்தி, திரையை ஒதுக்கி, கொக்கியைத் தூக்கினாள். திரை மறைத்திருந்த மரச்சட்டத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து.

4.10 – முக்கால்
4.35 – ஒன்றரை
5.00 – இரண்டுக்கு மேல்

பக்கத்தில் அடித்தும் திருத்தியும் பழைய எண்கள். கருவியைச் சரிபார்க்க அவள் ஆய்வகத்தில் போடும் பட்டியல் இப்படித்தான் இருக்கும். கடைசி மாதிரியில் கந்தகம் ஒன்றைத் தாண்டினால் மறுபடி அளக்க வேண்டும். இரண்டைத் தாண்டினால் மூன்றாம் முறையும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பஸ் தவறும்.

"என்னடி அங்கயே நிக்கற? ஜெபமாலைக்கு ஆளுங்க வந்துடுவாங்க."

"இதோம்மா."

நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பஸ் நிறுத்தம் நேராகத் தெரிந்தது. 4.10 பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கதவு மூடி, வண்டி வளைவில் திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை.