கண்ணாடிப் பிசுக்கு

படத்தின் கண்ணாடியை மூன்றாவது முறையாக ஈரத்துணியால் துடைத்தாள் ஜோங்ரே. பிசுக்கு இழுபட்டதே தவிரப் போகவில்லை. அவள் கணவன் தல்சு விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தான். ஆஸ்பத்திரியை ஒட்டிய இழவுக்கூடத்தில் பூவெல்லாம் அடுக்கியாகிவிட்டது, படம்தான் பாக்கி.

போன் அடித்தது. நாத்தனார் மல்சுன்.

"ஒரு படத்தைக் கழட்டிட்டு வர இவ்வளவு நேரமா? சனம் வர ஆரம்பிச்சிருச்சு."

"பிசுக்கா இருக்கு அண்ணி. துடைச்சிட்டு வரேன்."

"இருக்காதா பின்னே? மீனை வறுத்து வறுத்து வீட்டையே எண்ணெய்ச் சட்டியாக்கி வச்சிருந்தியே. அந்தப் புகைதான் எந்தம்பி நெஞ்சை அடைச்சிருச்சு."

ஜோங்ரே போனை வைத்தாள். உடம்பு அசந்து கிடந்தது. இரண்டு வருடமாக அவளும் அதையே நம்பி மருகியவள்தான். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதும் தல்சு சிகரெட்டை விட்டான். ஆனாலும் அவன் அறையில் டிவி, திரைச்சீலை, பதுக் என்ற காய் விளையாட்டின் பலகை எல்லாம் பிசுபிசுத்தன. "நீ மீன் வறுக்கிற புகைதான்" என்றான். அன்றே வாணலியைக் கவிழ்த்துவிட்டாள். வறுத்த கானாங்கெளுத்திக்கு உயிரை விடுகிறவன், அதன்பின் அவித்ததை வாய் திறக்காமல் தின்றான்.

துடைத்த கை நின்றது. இந்தப் படம் போன இலையுதிர்காலத்தில் அவனுடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு எடுத்து, இதே அவன் அறையில் மாட்டியது. அப்போது வாணலி கவிழ்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

துணியை முகர்ந்தாள். பீச் பழ வாசனை. அவன் அறைக்கு அடிக்கிற வாசனைத் தைலம் என்று இதுநாள் வரை நினைத்திருந்தாள். பதுக் பலகைக்கு அருகே கறுப்புக் காய்கள் இருந்த கிண்ணத்தில் கையை விட்டாள். காய்களுக்கு அடியில் விரல் நீளத்தில் ஒரு மின் சிகரெட்.

"அடப்பாவி" என்றாள் படத்தைப் பார்த்து. கோபம்தான். ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு வருடம் அவித்த மீனை விழுங்கியிருக்கிறானே என்று அதைவிடப் பாவமாக இருந்தது.

உறைபெட்டியில் ஒரு மீன் கிடந்தது. வாணலியை நிமிர்த்தினாள்.

இழவுக்கூடத்தில் படத்தை வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து மீனைத் தட்டில் எடுத்தாள். மல்சுன் பாய்ந்து வந்தாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? இந்த வறுவல்தானே அவனைக் கொன்னுச்சு!"

கைப்பைக்குள் மின் சிகரெட் இருந்தது. ஜோங்ரே பையை மூடினாள்.

"ஆமா அண்ணி, என் எண்ணெய்தான். இன்னைக்காவது சாப்பிடட்டும். இனிமே அவருக்கு மூச்சு வாங்காது."

மல்சுன் முந்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஜோங்ரே, படத்துக்கு முன் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்திக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். அந்த இடத்தில் தட்டை வைத்து, மீனின் முள்ளை எடுக்க உட்கார்ந்தாள்.