குழலி தூங்குவதற்கு ஒரு நேரம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. தூக்க விழிப்புணர்வு முகாம் நடத்தும் தணிகாசலம் கேட்டு வாங்குகிற கதை. (தூக்கத்துக்கு விழிப்புணர்வாம்! இந்தச் சொல்லைக் கட்டியவரை ஒரு ராத்திரி என் வீட்டில் படுக்க வைக்க வேண்டும்.)

"சின்னதா போதும் சார். ஒரு அம்மாவுக்குத் தூக்கம் பத்தல. டாக்டர் சொன்னாரு, தூங்கனாங்க, நல்லாயிட்டாங்க. அவ்ளோதான் சார்."

அவ்வளவுதானே என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "காஞ்சியில் பொழுது புலர்கையில் கோயில் மணி..." வேண்டாம். அந்த மணியை எல்லோரும் அடித்து ஓய்ந்துவிட்டார்கள்.

இரண்டாவது: ஏலவார்குழலி, பிள்ளையார்பாளையம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். கணவன் மாணிக்கவேல் வீட்டிலேயே தறி நெய்கிறான். நல்லவன். (கெட்டவனாகவும் எழுதிப் பார்த்தேன். கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது, கிழித்துப் போட்டேன்.)

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த கையோடு மகளை ஸ்கூட்டரில் ஏற்றி, செவிலிமேட்டில் இருக்கும் பள்ளியில் விடுவாள். போன வாரம் வழியிலேயே கண் செருகி, வண்டியை மணல் குவியலில் விட்டுவிட்டாள். மகளுக்கு முட்டியில் சிராய்ப்பு.

"அம்மா கண்ண மூடிக்கினு ஓட்டுதுப்பா" என்றது குழந்தை.

மாணிக்கவேல் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். அவனுக்கு வலிப்பு வரும், வண்டியைத் தொடக்கூடாது. அடுத்த தடவை அந்த இடத்தில் மணல் இருக்காது, லாரி இருக்கும். ஆகவே குழலி பகலில் தூங்கியே தீர வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான்.

3

டாக்டர் அமைதியான அறை வேண்டும் என்றார். நான் தறியை நிறுத்தினேன். வீடு கப்சிப். குழலி தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, தறி ஏன் நின்னுச்சி? உங்களுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்லமா. நீ தூங்கணும்னுதான் நிறுத்துனேன்."

"அய்யோ, சத்தம் கேட்டுக்கினு இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்! நின்னா நீங்க விழுந்துட்டீங்கன்னு ஈரக்கொல நடுங்குது."

தப்பு என்னுடையதுதான், நெசவாளி வீட்டுக்குப் போய் அமைதியைக் கொடுத்தேன். மறுபடி தறியை ஓட விட்டேன். கண்ணயர்ந்தாள். அதற்குள் சிலிண்டர்காரன் மணியடித்தான், தண்ணீர் வந்தது, பள்ளி விட்டு மகள் வந்தாள்.

(கொசுவைப் போலவே தூக்கக் கேடும் ஊரே பார்க்க வேண்டிய சுகாதாரப் பிரச்சினை என்று தணிகாசலம் மேடையில் பேசுகிறார். வாஸ்தவம். கொசுவுக்கு மருந்தடிக்க ஆள் வருகிறார்கள். தூக்கத்துக்கு என்னைக் கதை எழுதச் சொல்கிறார்கள்.)

4

மிச்சம் இருந்தது சாயங்காலம் மட்டும். மகள் பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள். தறி ஓடுகிறது. குழலி ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியே கம்பெனி பஸ் வரும்வரை...

ஆனால் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டது. அந்த வேளையில் வீட்டில் யாரும் படுத்திருக்கக் கூடாது. சீக்காளிதான் படுத்திருப்பான். இது மாணிக்கவேலுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கம்பெனி ஷிப்டை மாற்றிவிடுகிறது: எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. குழலி வேலையை விட்டுவிடுகிறாள்: சோற்றுக்கு யார் பதில் சொல்வது? மறுநாள் காலை, பின்னால் மகள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்க, குழலியின் இமைகள் மெல்ல...

மாட்டேன். அதை என் கையால் எழுத மாட்டேன்.

தறி நின்றுவிட்டது. அதுகூடத் தெரியாத அசதியில் குழலி தூங்குகிறாள். மாணிக்கவேல் தீப்பெட்டியோடு அவள் தலைமாட்டில் நிற்கிறான். வண்டி விழுந்தது அவனுக்கும் தெரியும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், எழுப்ப மனசு வரவில்லை. ஆனாலும் குனிகிறான். "எழுந்திருமா, வெளக்கு வெக்கணும்" என்று சொல்லப் போகிறான்.

வேண்டாம்பா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுப்பா என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். நான் எழுதிய ஆள்தான், என் பேச்சைக் கேட்கவில்லை. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவன் கை அவள் தோளுக்குப் போய்விட்டது.