கேமராவுக்குள் இருந்த குரல்

சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் இருந்த கேமரா, "பச்சை சுடிதார், இன்னொரு தோசை வெச்சுக்க" என்று ஆண் குரலில் பேசியபோது பிரவீணா தட்டைக் கீழே போட்டுவிட்டாள். எங்கோ இருந்த ஒருவன் தங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்பது புரிந்ததும் பெரம்பலூரின் அந்தப் பெண்கள் விடுதியே அலறியது. மறுநாள் காலை விக்கிரமங்கலத்திலிருந்து அவளுடைய அப்பா சாமிதுரை வந்து இறங்கினார். "படிச்ச வரைக்கும் போதும், பெட்டிய எடு" என்றார். நர்சிங் கடைசி வருடம். பிரவீணா அழுததை அவர் காதில் வாங்கவில்லை. வேறு சில பெற்றோரும் அதே முடிவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கேமராக்களை விற்ற கண்மலர் கம்பெனி, குருமூர்த்தி என்ற இன்ஜினியரைத் திருச்சியிலிருந்து அனுப்பியிருந்தது. அவர் நிதானமாகப் பேசினார்.

"கேமரா எங்களதுதாங்க. உள்ள ஓடுற லினக்ஸ்ங்கற சாப்ட்வேர் எங்களது இல்ல. யாரு வேணா எடுத்துக்கலாம்னு இலவசமா வுட்டுருக்காங்க. அதுல ஓட்டை இருந்தா நாங்க என்ன பண்றது?"

இலவசம் என்ற ஒரு சொல்லிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சும்மா கிடைத்தது அப்படித்தான் இருக்கும் என்று சாமிதுரை தலையாட்டினார்.

ஆர்த்தி எழுந்தாள். கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அந்த விடுதியிலேயே தங்கியிருப்பவள். அந்தக் குரல் கேட்டபோது அவளும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். யாரோ பார்த்துக்கொண்டிருந்த கூச்சம் இன்னும் உடம்பில் இருந்தது. குருமூர்த்தி கொண்டுவந்திருந்த பிரிக்காத பெட்டியிலிருந்து புதுக் கேமரா ஒன்றை எடுத்து இணைத்தாள். தன் லேப்டாப்பை சாமிதுரையிடம் நீட்டினாள்.

"ஐயா, இந்தக் கேமராவுக்கு உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு பாஸ்வேர்டு போடுங்க."

அவர் துண்டால் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். ஆர்த்தி லேப்டாப்பை வாங்கி வேறு எதையோ தட்டினாள். திரையில் சாமிதுரையின் முகமே தெரிந்தது.

"எம் பாஸ்வேர்ட எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"உங்களோடத நான் தொடவே இல்லைங்க. இது கம்பெனியில வெச்சு அனுப்புனது. எல்லா கேமராவுக்கும் இதேதான். நம்மளால மாத்தவும் முடியாது. இதே கேமராவ வாங்கி ஏமாந்த ஒருத்தர் இன்டர்நெட்ல எழுதி வெச்சிருக்காரு."

அவள் அடித்ததைப் பெரிதாக்கித் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். கண்மலர்123.

"லினக்ஸ் எழுதுனவங்களுக்குக் கண்மலர்னு ஒரு கம்பெனி இருக்கறதே தெரியாதுங்க சார்."

குருமூர்த்தி தன் போனிலும் அதையே அடித்துப் பார்த்தார். திறந்தது.

"எங்க வேலைதாங்க இது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நானே ஆபீஸ்ல சொல்றேன். வித்த எடத்துலேர்ந்து எல்லாத்தையும் எடுத்தாவணும்."

மாடிப்படி வரை நின்றிருந்த பெண்கள் கத்திய கத்தலில் சமையற்கட்டிலிருந்த கலையரசி அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். யாரோ ஆர்த்தியைத் தூக்கிச் சுற்றினார்கள். அத்தனை பேருக்கு நடுவிலும் பிரவீணா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பெட்டியை எடு என்று அவர் மறுபடி சொல்லவில்லை.

யாரோ ஏணி கொண்டுவந்தார்கள். பிரவீணா ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு சுவர்க் கேமராவைக் கழற்ற மேலே ஏறினாள். ஏணி ஆடியது. சாமிதுரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அதன் இரண்டு காலையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.