கூரைக்கு எறிந்த கோதுமை

தியோஃபிலாவின் அகதி அட்டையை நான் ஒரு நாளும் நம்பவில்லை. போரில் எல்லைக்கு அப்பால் போய்விட்ட கிழக்கே, தார்னோபோல் பக்கம் வீடு, நிலம், பசு எல்லாவற்றையும் விட்டு வந்தவள் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. அதைக் காட்டித்தான் போர் முடிந்து துரத்தப்பட்ட ஜெர்மன்காரனின் இந்த வீட்டில் பாதியை வாங்கிக்கொண்டு, காது கேளாத மாமனாரோடு எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்தாள். செத்தவர்களின் அட்டைகள் சந்தையில் விலைபோகிற காலம். அவள் ஊரைக் கேட்டால் எரிந்துபோயிற்று என்பாள். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். அங்கே யாரைத் தெரியும் என்று கேட்டால் மழுப்புவாள்.

வசந்தம் வந்தால் ஊருக்குத் திரும்பப்போகிறோம், நமக்கெதற்கு வம்பு என்பார் என் கணவர் காஸ்பர். எங்கள் பெட்டிக்குக் கட்டிய கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதற்காக, அதுவரை ஒரு திருடியோடு ஒரே அடுப்பில் சமைக்க முடியுமா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை விருந்துக்கு ஊர்த்தலைவர் வின்சென்டியை அழைத்தேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள். விஷயத்தை முன்பே காதில் போட்டுவைத்தேன்.

"பொய்யின்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பணும். இந்தப் பனியில அந்தக் கிழவன் எங்கம்மா போவான்?" என்றார்.

அதை அவளல்லவா யோசித்திருக்க வேண்டும் என்றேன்.

வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும் கலந்து கூத்யா செய்திருந்தேன். எங்கள் பக்கத்தில் முதல் கரண்டியை, உட்கார்ந்த இடத்திலிருந்தே தலைக்கு மேலே வீட்டின் உட்கூரைக்கு எறிவோம். ஒட்டிக்கொண்டால் அந்த வருடம் வயல் விளையும். அவள் வார்சா பக்கத்தவள் என்பது என் சந்தேகம்; அந்தப் பக்கத்தவர்களுக்கு இது தெரியாது. அட்டையை மனப்பாடம் செய்யலாம், இதை எப்படிச் செய்வாள்?

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் அமர்ந்தோம். வின்சென்டி எறிந்தது விழுந்தது. காஸ்பருடையதும் விழுந்தது. நான் எறிந்தது மேலே ஒட்டிக்கொண்டது. கரண்டியை தியோஃபிலாவிடம் நீட்டினேன். அவள் கூரையை ஒரு முறை பார்த்தாள். பிறகு அந்தக் கவளத்தை மாமனார் வாயில் ஊட்டினாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "பாத்தீங்களாண்ணே?" என்றேன்.

வின்சென்டியின் முகம் சுருங்கியது. "அட்டையை எடுத்துட்டு வாம்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. கிழவரின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"போன வருஷம் வரைக்கும் இவருதான் எறிவாரு. அது எங்க கூரை. அது ஒட்டினா எங்க நிலம் விளையும்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க ஒட்டினா இந்த ஜெர்மன்காரன் நிலம்தான் விளையும். இங்கயே விதைச்சு, இங்கயே அறுக்கப்போறதா நீங்க முடிவு பண்ணிட்டீங்களாக்கா? நான் இன்னும் பண்ணல."

வின்சென்டி அதற்குமேல் அட்டையைக் கேட்கவில்லை. காஸ்பர், மூலையில் கயிறு கட்டிக் கிடந்த எங்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். நான் எறிந்த கோதுமை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. விழுந்துவிடாதா, விழுந்துவிடாதா என்று விருந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.